மஞ்சள் ஒன்று, வைரஸ் ஐந்து: கல்லீரல் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கண்ணில் மஞ்சள் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே சிறுநீர் காட்டிக்கொடுத்துவிடும். பால் கலக்காத டீயின் நிறத்தில் போகும். தண்ணீர் குறைவாகக் குடித்ததால் இருக்கும் என்று விட்டுவிடுவோம். அதற்கும் சில நாள் முன்னால் லேசான காய்ச்சல், உடம்பு அசதி, வயிற்றுப் புரட்டல். சாப்பாட்டு வாசனையே ஆகாது. புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு சிகரெட்கூடக் குமட்டும். பிறகு ஒரு காலையில் கண்ணாடியைப் பார்த்தால் விழியின் வெள்ளை மஞ்சளாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், பல பேருக்கு அந்தக் காலையில் காய்ச்சல் விட்டிருக்கும்.

மஞ்சள் காமாலை என்று சொன்னதும் நோயைக் கண்டுபிடித்தாயிற்று என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். கண்டுபிடிக்கும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. காமாலை ஒரு அறிகுறி மட்டுமே: ரத்தத்தில் பிலிருபின் என்ற நிறமி கூடியிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. வயதான சிவப்பணுக்கள் உடையும்போது இந்த நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும், கல்லீரல் செல்கள் பழுதானாலும், பித்தக்குழாயைக் கல் அடைத்தாலும் கண் ஒரே மாதிரிதான் மஞ்சளாகும். கரையும் வடிவத்துக்கு மாறிய பிலிருபின்தான் சிறுநீரில் இறங்க முடியும். அதனால்தான் சிறுநீர் கறுத்திருக்கிறதா என்று மருத்துவர் முதலில் கேட்கிறார். கறுத்திருந்தால் சந்தேகம் கல்லீரல் பக்கமோ பித்தக்குழாய் பக்கமோ திரும்பும்.

மறுபக்கமும் உண்டு. கல்லீரலைத் தாக்கி ஹெபடைடிஸ் என்ற அழற்சியை உண்டாக்கும் வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, ஈ. இவை தாக்கிய பலருக்குக் காமாலையே வருவதில்லை. ரத்தத்தில் பிலிருபின் சாதாரணமாக டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்கும், 2.5 அல்லது 3-ஐத் தாண்டினால்தான் கண்ணில் தெரியும். ஹெபடைடிஸ் ஏ தொற்றிய 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மஞ்சள் தெரியாது. சி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. மஞ்சளை மட்டும் நம்பினால் ஐந்து வைரஸ்களில் மிக ஆபத்தானவை கண்ணில் படாமலே நழுவிவிடும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கல்லீரல் அடிபட்டிருக்கிறதா? அடித்தது யார்? மிச்சமிருக்கும் கல்லீரல் வேலை செய்கிறதா? இந்த மூன்றுக்கும் வேறு வேறு சோதனைகள் பதில் சொல்கின்றன. குழப்பத்தில் பாதி, ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்வதால் வருவது.

கசிவு வேறு, வேலை வேறு

எல்எஃப்டி என்றால் கல்லீரல் செயல்பாட்டுச் சோதனை. அந்தப் பட்டியலில் எல்லோர் கண்ணும் போய் நிற்கிற எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் செயல்பாட்டை அளப்பவை அல்ல என்பதால், பெயரே கொஞ்சம் ஏமாற்று. (ஏஎல்டி, ஏஎஸ்டி என்று அச்சிட்டிருந்தாலும் இவையேதான்.) செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள் இவை. செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும். குடம் உடைந்தால் தரையில் தண்ணீர் நிற்பதுபோல. தண்ணீரின் அளவைப் பார்த்து எத்தனை குடம் உடைந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இன்னும் எத்தனை குடம் மிச்சம் என்று அது சொல்லாது.

இருந்தாலும் கசிவின் அளவும் சாயலும் நல்ல துப்பு. சாதாரண மேல் எல்லை 40 அலகு வாக்கில். வைரஸால் வரும் திடீர் அழற்சியில் எஸ்ஜிபிடி பல நூறிலிருந்து சில ஆயிரம் வரை போவது வழக்கம். மதுவால் வரும் அழற்சியில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைப் போல இரண்டு மடங்காக இருக்கும், ஆனால் 300-ஐத் தாண்டுவது அரிது. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கும், ரத்த அழுத்தம் சரிந்து கல்லீரலுக்கு ரத்தம் போகாமல் நின்றவர்களுக்கும் எண் பத்தாயிரத்தைக்கூடத் தொடும். ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்யும். பித்தக்குழாய் அடைப்பில் இவை இரண்டையும்விட ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு நொதி தலைதூக்கி நிற்கும். எஸ்ஜிஓடி தசையிலும் இருக்கிறது. கடும் உடற்பயிற்சி செய்த மறுநாள் ரத்தம் கொடுத்துவிட்டுக் கல்லீரலைச் சந்தேகிப்பவர்களும் உண்டு.

வேலை நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், கல்லீரல் தயாரிக்கும் பொருள்களைப் பார்க்க வேண்டும். அல்புமின் என்ற புரதம் அதில் ஒன்று. ஆனால் ஏற்கெனவே தயாரித்த அல்புமின் ரத்தத்தில் வாரக்கணக்கில் நிற்கும், அதன் அரை ஆயுளே 20 நாள் வாக்கில். நேற்று கல்லீரல் வேலையை நிறுத்தியிருந்தாலும் இன்று அல்புமின் குறையாது. ரத்தம் உறைவதற்கான புரதங்கள் அப்படியல்ல. அவற்றில் ஏழாம் காரணி எனப்படுவது சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். புதிதாகத் தயாராகவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். இதைக் காட்டுவதுதான் பிடி-ஐஎன்ஆர் சோதனை; ரத்தம் உறையத் தாமதமாக ஆக இந்த எண் ஏறும். பட்டியலின் கடைசியில் எங்கோ கிடக்கும், சில நேரம் எழுதிக் கொடுக்கவே மறந்துபோகும். என்னைக் கேட்டால் திடீர் ஹெபடைடிஸில் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான். ஒரு சிறு எச்சரிக்கை: பித்தநீர் குடலுக்குப் போகாவிட்டால் வைட்டமின் கே உட்கிரகிக்கப்படாமல் அதனாலும் ஐஎன்ஆர் ஏறலாம். வைட்டமின் கே ஊசி போட்டுப் பார்த்து எண் இறங்கினால் கல்லீரல் மேல் பழி இல்லை.

ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. பித்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று உறுதிசெய்ய அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். திடீர் ஹெபடைடிஸில் பித்தப்பையின் சுவர் தடித்துத் தெரிவது சகஜம். அதைத் தனியாகப் படித்துப் பித்தப்பை அழற்சி என்று அறுவை சிகிச்சைக்குக் கிளம்பிவிடக் கூடாது. எஸ்ஜிபிடி ஆயிரத்தில் இருக்கும்போது தடித்த பித்தப்பைக்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரரான கல்லீரல்தான்.

அடித்தது யார்?

ரத்தச் சோதனைகள் எதுவும் இல்லாத காலத்திலேயே ஒரு துப்பறிதல் நடந்தது. 1883-ல் ஜெர்மனியின் பிரெமன் நகரக் கப்பல் கட்டும் தளத்தில் 1,289 பேருக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போட்டார்கள். மனித உடலிலிருந்து எடுத்த நிணநீரில் தயாரித்த ஊசி அது. வாரங்கள், மாதங்கள் கழித்து அவர்களில் 191 பேருக்குக் காமாலை வந்தது. அதே தளத்தில் வேறு தொகுப்பு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வரவில்லை. லூர்மன் என்ற மருத்துவர் ஊசியைத்தான் குற்றவாளி என்று எழுதினார். இன்று திரும்பிப் பார்த்தால் அது ஹெபடைடிஸ் பி என்றே தோன்றுகிறது.

இடைவெளி இன்றும் துப்புதான். அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வரும் ஏ, 15 முதல் 50 நாளில் வெளிப்படும். ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகப் பரவும் பி, ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பதுங்கியிருக்கும். எனவே "போன வாரம் வெளியே சாப்பிட்டேன்" என்பது பெரும்பாலும் பொய்த் துப்பு. காமாலை வந்தவர் போன மாதம் எங்கே இருந்தார், ஆறு மாதத்துக்குள் ரத்தம் ஏற்றினாரா, பச்சை குத்தினாரா, என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்றுதான் கேட்க வேண்டும். மாத்திரைக் கேள்வி சம்பிரதாயத்துக்கு அல்ல; காசநோய் மருந்துகளும் சில மூலிகைத் தயாரிப்புகளும் வைரஸ் ஹெபடைடிஸைப் போலவே வேடம் போடும்.

ஏ, ஈ இரண்டுக்கும் சோதனை எளிது. ஐஜிஎம் என்பது புதுத் தொற்றின்போது உடல் முதலில் தயாரிக்கும் எதிர்ப்பொருள். அது பாசிட்டிவ் என்றால் இப்போதைய தொற்று. ஐஜிஜி மட்டும் இருந்தால் எப்போதோ வந்துபோனது. ஏ-யில் தடுப்பூசி போட்டதாகவும் இருக்கலாம். ஈ வைரஸைக் கண்டுபிடித்த கதை கொஞ்சம் விபரீதமானது. 1983-ல் வெளியான ஆய்வில் மிகயில் பலயான் என்ற சோவியத் ஆய்வாளர், காமாலை நோயாளிகளின் மலத்திலிருந்து வடித்த திரவத்தைத் தானே குடித்து, தனக்கும் காமாலை வரவழைத்து, தன் மலத்திலேயே வைரஸ் துகள்களைக் கண்டார். ஏ-க்கான எதிர்ப்பொருள் அவருக்கு ஏற்கெனவே இருந்ததால் அது ஏ இல்லை என்பது உறுதியானது.

பி-யின் ரிப்போர்ட்தான் மனிதர்களைத் திணறடிப்பது. வைரஸின் மேலுறைப் புரதம் எச்பிஎஸ்ஏஜி. 1960-களில் பரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இதைக் கண்டதால் முதலில் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்றே பெயர். 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இது பாசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போது உடலில் இருக்கிறது. இதற்கு எதிராக உடல் தயாரிக்கும் ஆன்டி-எச்பிஎஸ் பாசிட்டிவ் என்றால் பாதுகாப்பு இருக்கிறது. பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்ததும் பதறுகிறோம். முதல் வரியில் அது கெட்ட செய்தி, இரண்டாம் வரியில் நல்ல செய்தி. மூன்றாவது, வைரஸின் உட்கருவுக்கு எதிரான கோர் ஆன்டிபாடி. தடுப்பூசியில் மேலுறை மட்டுமே இருப்பதால் ஊசி போட்டவருக்குக் கோர் ஆன்டிபாடி வராது. உண்மையான வைரஸைச் சந்தித்தவருக்கே வரும், வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். அதில் ஐஜிஎம் வகை ஓங்கியிருந்தால் தொற்று புதிது.

இந்த மூன்றாவது வரி இல்லாமல் போனால் இரண்டு இடங்களில் சறுக்கும். ஒன்று, நோய் தணியும்போது எச்பிஎஸ்ஏஜி மறைந்து ஆன்டி-எச்பிஎஸ் இன்னும் தலைகாட்டாத ஓர் இடைவெளி உண்டு. அப்போது முதல் இரண்டும் நெகட்டிவாக இருக்கும். கோர் ஐஜிஎம் மட்டுமே சாட்சி. மிகத் தீவிரமாகக் கல்லீரல் சிதையும்போதும் சில நேரம் இப்படி நடக்கிறது. இன்னொன்று அதைவிடச் சகஜம். பல வருடமாக பி வைரஸைத் தெரியாமல் சுமந்துகொண்டிருப்பவருக்குப் புதிதாக ஏ அல்லது ஈ தொற்றிக் காமாலை வரும். எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றதும் பழி பி மேல் விழும். கோர் ஐஜிஎம் நெகட்டிவ் என்று பார்த்தால்தான் குற்றவாளி வேறு ஆள் என்று தெரியும். நீண்டகாலத் தொற்று திடீரென்று கிளர்ந்தெழும்போதும் இந்த ஐஜிஎம் லேசாகப் பாசிட்டிவ் ஆகலாம் என்பதால், எண் எவ்வளவு என்பதையும் பார்க்கிறார்கள். சிறு துணுக்கு: தடுப்பூசி போட்ட ஓரிரு வாரங்களில் ரத்தம் சோதித்தால், ஊசியில் இருந்த மேலுறைப் புரதமே எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று காட்டிப் பயமுறுத்தலாம்.

டி வைரஸ் தனியாக வாழத் தெரியாதது. பி-யின் மேலுறையைக் கடன் வாங்கித்தான் ஊர்சுற்றும். 1977-ல் இத்தாலியின் மரியோ ரிசெட்டோ இதைக் கண்டறிந்தார். எச்பிஎஸ்ஏஜி இல்லாதவருக்கு டி சோதனை வீண். எச்பிஎஸ்ஏஜி உள்ளவருக்கு ஒருமுறையாவது செய்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் வேகமாகச் சீரழியும்.

சி-க்கு இரண்டு படி. முதலில் ஆன்டிபாடி. ஆனால் அது தொற்றிய இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் வரலாம். வைரஸின் ஆர்என்ஏ பிசிஆர் சோதனையில் ஓரிரு வாரத்திலேயே தெரியும். அதைவிட முக்கியம்: ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் "வைரஸ் எப்போதோ வந்தது" என்றுதான் பொருள். இன்னும் இருக்கிறதா என்பதை ஆர்என்ஏ சோதனை மட்டுமே சொல்லும். நூற்றில் 30 பேர் வாக்கில் மருந்தில்லாமலே ஆறு மாதத்துக்குள் வைரஸை விரட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கும் ஆன்டிபாடி பாசிட்டிவாகவே நிற்கும்.

ஒரு ரிப்போர்ட் போதாது

இரண்டு நோயாளிகளை வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு முதல் நாள் எஸ்ஜிபிடி 1,900, பிலிருபின் 5, ஐஎன்ஆர் 1.1. எட்டாம் நாள் எஸ்ஜிபிடி 600, பிலிருபின் 11, ஐஎன்ஆர் அதே 1.1. மஞ்சள் இரண்டு மடங்காகிவிட்டதே என்று வீடு கலங்குகிறது. அவரோ பசிக்கிறது என்கிறார். இரண்டாமவருக்கு முதல் நாள் எஸ்ஜிபிடி 2,600, ஐஎன்ஆர் 1.5. நான்காம் நாள் எஸ்ஜிபிடி 800. "இறங்கிவிட்டது" என்று வீடு மூச்சுவிடுகிறது. ஆனால் ஐஎன்ஆர் 2.8. ஆள் பகலெல்லாம் தூங்குகிறார், இரவில் விழித்திருக்கிறார், கேட்ட கேள்விக்கு ஒரு நொடி தாமதித்துப் பதில் சொல்கிறார்.

முதலாமவர் தேறிக்கொண்டிருக்கிறார். இரண்டாமவர் அன்றே கல்லீரல் மாற்று வசதியுள்ள மருத்துவமனையில் இருக்க வேண்டியவர். அவருடைய எஸ்ஜிபிடி இறங்கியதற்குக் காரணம், உடைவதற்குக் குடங்கள் மிச்சமில்லை. இதற்கு முன் கல்லீரல் நோய் இல்லாத ஒருவருக்கு ஐஎன்ஆர் 1.5-ஐத் தொட்டு, கூடவே புத்தித் தடுமாற்றமும் வந்தால் அது திடீர் கல்லீரல் செயலிழப்பு. தூக்கம் புரள்வது, எரிச்சல், கையெழுத்து கோணுவது, நீட்டிய கை படபடவென்று அசைவது இவைதான் முதல் அடையாளங்கள். அந்த நிலையில் தூக்க மாத்திரை கொடுப்பது போன்ற தவறு வேறில்லை. ஏ-யில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இந்த நிலை வருகிறது. ஈ-யில் கர்ப்பிணிகளின் கதை வேறு: கடைசி மூன்று மாதத்தில் தொற்றினால் இறப்பு 20 முதல் 25 சதவீதம் வரை போகலாம் என்று பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

முதலாமவரின் மஞ்சள் ஏன் போக இத்தனை நாள்? பித்தநீர் வழி தடைப்பட்ட நாட்களில் பிலிருபினில் ஒரு பகுதி அல்புமினோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது சிறுநீரகம் வழியாக வெளியேற முடியாது. அந்த அல்புமின் கரையும்வரை கூடவே இருக்கும். அதனால் தேறுபவருக்கு முதலில் சிறுநீர் தெளியும், பசி வரும், கண் மஞ்சள் கடைசியாகத்தான் போகும். கண்ணைப் பார்த்துக் கவலைப்படுவதைவிடச் சிறுநீரைப் பார்த்து நிம்மதியடையலாம். ஏ-யில் பத்தில் ஒருவருக்கு, முழுக்கத் தேறியதுபோல் இருந்து சில வாரம் கழித்து எண்கள் மறுபடி ஏறும். அதுவும் தானே அடங்கும். ஏ நிரந்தரமாகத் தங்குவதில்லை. ஈ-யும் அப்படித்தான், உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் போன்ற சிலரைத் தவிர.

சத்தமில்லாத பாதை

பி-யும் சி-யும் ஆறு மாதத்தைத் தாண்டினால் நீண்டகாலத் தொற்று என்கிறோம். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து பி தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினருக்கு அது தங்கிவிடும்; வயது வந்தபின் தொற்றியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே தங்கும். காரணம், கல்லீரல் செல்களைக் கொல்வது வைரஸ் அல்ல, நம் நோயெதிர்ப்புப் படை. வைரஸ் குடியேறிய செல்களை அது தேடித் தாக்குவதால்தான் காமாலையே வருகிறது. அந்தப் படை முதிராத சிசுவுக்குச் சண்டையும் இல்லை, மஞ்சளும் இல்லை, விடுதலையும் இல்லை. படுக்கையில் கிடத்திய காமாலைதான் பலருக்கு நோயைத் துடைத்துக்கொண்டு போகிறது. எந்தத் தொந்தரவும் தராத தொற்றுதான் 20, 30 வருடம் கழித்துச் சிரோசிஸாகவோ (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிப்போவது) கல்லீரல் புற்றாகவோ திரும்பி வருகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் சுமார் 25.4 கோடிப் பேர் பி-யோடும் 5 கோடிப் பேர் சி-யோடும் வாழ்ந்தார்கள். அவர்களில் தனக்கு நோய் இருப்பது கண்டறியப்பட்டவர்கள் பி-யில் 13 சதவீதம், சி-யில் 36 சதவீதம் மட்டுமே. மீதிப் பேருக்கு வலியும் இல்லை, மஞ்சளும் இல்லை.

எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், ஆனால் எஸ்ஜிபிடி நார்மல் என்றால், நீங்கள் வெறும் கேரியர்தான், ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அனுப்பிவிடுவது பழைய வழக்கம். நீண்டகால பி தூங்கும், விழிக்கும், மறுபடி தூங்கும். வைரஸின் டிஎன்ஏ அளவு, வைரஸ் பெருகும்போது வெளிவிடும் புரதமான எச்பிஇஏஜி, எஸ்ஜிபிடி மூன்றையும் முதல் வருடத்தில் சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால்தான் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று புரியும். தழும்பு எவ்வளவு என்று பார்க்க இப்போது ஊசி குத்தித் திசு எடுப்பது குறைந்துவிட்டது. கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் வந்திருக்கிறது. வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, தட்டணு எண்ணிக்கை நான்கையும் வைத்துப் போடும் ஃபிப்-4 என்ற கணக்கும் உதவும். காமாலை உச்சத்தில் இருக்கும்போது ஃபைப்ரோஸ்கேன் எடுத்தால் வீக்கத்தையே தழும்பு என்று காட்டும், கொஞ்சம் பொறுக்க வேண்டும். சிரோசிஸ் வந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். பி-யில் சிரோசிஸ் இல்லாமலே புற்று வரக்கூடும் என்பதால் அங்கே வயதும் குடும்ப வரலாறும் சேர்ந்து முடிவுசெய்யும்.

சி-யின் கதை மகிழ்ச்சியான திருப்பம். 1989-ல் வைரஸ் அடையாளம் காணப்பட்டது. ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹவ்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவரும் அதற்காக 2020-ல் நோபல் பெற்றார்கள். இன்று 8 முதல் 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் குணமாகிறார்கள். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஆர்என்ஏ இல்லை என்றால் குணம். குணமானவர் எங்கே ரத்தம் சோதித்தாலும் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றே வரும் என்பதால், அந்தக் கடைசி ஆர்என்ஏ ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி தொற்றினால் அந்த ஆன்டிபாடி காப்பாற்றாது.

பி அப்படி முழுசாகப் போவதில்லை. எச்பிஎஸ்ஏஜி மறைந்து, ஆன்டி-எச்பிஎஸ் வந்து, எல்லாம் முடிந்தது என்று தோன்றும்போதும் வைரஸின் மரபுப் பொருள் ஒரு சுருண்ட வளையமாகக் கல்லீரல் செல்களின் கருவுக்குள் கிடக்கிறது. நோயெதிர்ப்புப் படை காவலிருக்கும்வரை அது எழுவதில்லை. பத்து, இருபது வருடம் கழித்து அதே மனிதருக்குப் புற்றுநோய்க்கான கீமோதெரபியோ, நோயெதிர்ப்பு செல்களை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்தோ கொடுக்க நேர்ந்தால் காவல் தளரும், வைரஸ் எழும். அதனால் அத்தகைய சிகிச்சை தொடங்கும் முன் எச்பிஎஸ்ஏஜியோடு கோர் ஆன்டிபாடியையும் பார்க்கிறார்கள். சின்ன வயதில் எப்போதோ மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்று புற்றுநோய் மருத்துவர் கேட்பது இதற்காகத்தான்.